தாத்தாவின் பலகையும் சாட்டின் ஃபினிஷும்

உங்கள் வீட்டில் பழைய மரச்சாமான் ஏதாவது இருக்கிறதா? ஊஞ்சல் பலகை, சாய்வு நாற்காலி, பாட்டியின் மணை, எதுவாக இருந்தாலும் சரி. லீவுக்குப் போகும்போது நாமே வார்னிஷ் அடித்துப் புதுசாக்கிவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தால், பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் யாரிடமும் கேட்காமல் அடித்தவன்.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம். தாத்தா குழித்தறியில் பட்டு நெய்தவர். முட்டி ஒத்துழைக்காமல் போனதும் தறியைப் பிரித்தோம். மரங்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது, குழி விளிம்பில் போட்டு அவர் உட்கார்ந்து நெய்த பலகை மட்டும். தேக்கு. மூன்றரை அடி நீளம், ஒன்றரை அங்குலக் கனம். நாற்பது வருஷத்துக்கு மேல் வேட்டி உரசி உரசி அதில் ஒரு மெருகு ஏறியிருந்தது. பளபளப்பு என்று சொல்ல முடியாது, மங்கல் என்றும் சொல்ல முடியாது. சாயங்கால வெயில் பட்டால் உள்ளேயிருந்து மினுங்குகிற மாதிரி இருக்கும். அதற்கு நாலு கால் வைத்துத் திண்ணையில் பெஞ்சாகப் போட்டு, தாத்தாவுக்கு எண்பது நிறைகிற அன்று அவரை அதில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் திட்டம். கையில் ஆறு வாரம் இருந்தது.

முதல் நாளே 80 நம்பர் உப்புத்தாளை வைத்து அந்த மெருகு முழுவதையும் தேய்த்து எடுத்தேன். அழுக்கு என்று நினைத்துவிட்டேன். (இந்த ஒரு தப்புக்கு மட்டும் இந்தக் கட்டுரையில் தீர்வு கிடையாது. போனது போனதுதான். உங்கள் வீட்டுச் சாமானில் அப்படி ஒரு மெருகு இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, மெழுகு போட்டு, அப்படியே விட்டுவிடுங்கள்.) அப்புறம் கடையில் "நல்ல வார்னிஷா குடுங்க"ன்னு கேட்டு, கொடுத்ததை மூன்று கோட் அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. ஸ்டேட்டஸ் போட்டேன், ஹார்ட் குவிந்தது.

தாத்தா வந்து பார்த்தார். புரை ஆபரேஷன் ஆன கண். தெரு வெளிச்சம் பலகையில் பட்டு நேராக அவர் முகத்தில் அடித்தது. கையை வைத்துத் தடவினார். "வழுக்குதேடா. யாரோடது இது?" என்றார். கிண்டல் இல்லை. அவருக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பலகையை எங்கள் தெருவில் பாலிஷ் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி சரிசெய்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், நடுவில் கொஞ்சம் ஃபிசிக்ஸோடு. அண்ணனுக்கு அந்த ஃபிசிக்ஸ் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

சாட்டின் என்றால் பளபளப்பைக் குறைப்பது என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ந்த வார்னிஷ் படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. அதன்மேல் நேராக விழும் ஒளியில் கிட்டத்தட்ட 4 சதவீதம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். இது ப்ளஸ் டூ சமாச்சாரம். விஷயம் என்னவென்றால், கண்ணாடி மாதிரி மின்னும் பலகைக்கும் சாட்டின் பலகைக்கும் மங்கலான மேட் பலகைக்கும் இந்த 4 சதவீதம் ஏறக்குறைய ஒன்றேதான். திரும்பும் ஒளியின் அளவு மாறவில்லை, அது போகிற திசை மாறுகிறது. வழுவழுப்பான பரப்பில் மொத்த ஒளியும் ஒரே திசையில் திரும்பும், அந்தத் திசையில் உங்கள் கண் இருந்தால் கூசும். மேட்டில் அது எல்லாப் பக்கமும் சிதறிவிடும். சாட்டின் இரண்டுக்கும் நடுவில்: ஒளி ஒரு குறுகலான கூம்பு போல விரிந்து திரும்புகிறது. அதனால் டியூப்லைட்டின் பிம்பம் தெரியாது, ஆனால் டியூப்லைட் இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய வெளிச்சப் பட்டை தெரியும்.

சிதறுவதற்கு எவ்வளவு சொரசொரப்பு வேண்டும்? ரேலி விதி என்று ஒன்று உண்டு. பரப்பின் மேடுபள்ளம், அலைநீளத்தை 8 காஸ் தீட்டாவால் வகுத்தால் வருவதைவிடக் குறைவாக இருந்தால், ஒளிக்கு அது கண்ணாடி மாதிரி. தீட்டா என்பது செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கும் கோணம். பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர் போடுங்கள். நேராகப் பார்த்தால் எல்லை சுமார் 70 நானோமீட்டர். 85 டிகிரியில் சாய்த்துப் பார்த்தால் சுமார் 790. அதாவது ஒரே பலகை, மேலிருந்து பார்க்கும்போது சொரசொரப்பு, ஓரத்தில் குனிந்து பார்க்கும்போது கண்ணாடி. உங்கள் ஹாஸ்டல் மேசையில் இப்போதே கன்னத்தை வைத்து ஜன்னல் பக்கம் பாருங்கள், புரியும். கிளாஸ் மீட்டர் என்கிற கருவியில் 20, 60, 85 டிகிரி என்று மூன்று கோணங்கள் வைத்திருப்பதும் இதனால்தான். ஒளிவிலகல் எண் 1.567 உள்ள மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடிக்கு 100 மதிப்பெண் என்று வைத்து மற்றதை எல்லாம் அதோடு ஒப்பிடுகிறார்கள். 60 டிகிரியில் 70-க்கு மேல் வந்தால் அது நல்ல மின்னல். சாட்டின் என்று விற்பது பொதுவாக 20 முதல் 35 வரை, கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

ஆக சாட்டின் என்பது ஒரு பரப்பின் மேல் வேண்டுமென்றே போடுகிற, ஒரே அளவான, மிகச் சின்னக் கீறல்களின் கூட்டம். இதில் "ஒரே அளவான" என்பதுதான் உயிர்நாடி. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகிற கீறல் இருந்தால் அது சாட்டின் இல்லை, கெட்டுப்போன வார்னிஷ்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க இன்னொரு வழி உண்டு. மயில்கழுத்துக் கலர் பட்டுப் புடவையைக் கையில் எடுத்து, முதலில் பாவு வாக்கிலும் பிறகு ஊடை வாக்கிலும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் நீலம் தூக்கும், இன்னொரு பக்கம் பச்சை தூக்கும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒவ்வொரு நூலும் தனக்குக் குறுக்கே மட்டும் ஒளியை விரித்து அனுப்புகிறது. மரத்தில் ஒரே வாக்கில் போட்ட கீறல்களும் இதே வேலையைச் செய்கின்றன. மெட்ராலஜி லேபில் "லே" என்று படித்தோமே, பரப்பில் கீறல்கள் ஓடும் திசை, அதுதான் இது. சாட்டின் என்ற பெயரே நெசவிலிருந்து வந்ததுதான். ஒரு நூல் நாலைந்து நூலுக்கு மேலே மிதந்து, பிறகு ஒன்றுக்குள் புகுந்து வருகிற நெசவு அது. (நம் காஞ்சிப் பட்டின் உடல் அந்த நெசவு இல்லை. அதன் மினுமினுப்பு பட்டு இழையிலேயே இருப்பது.) சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தை அரபு வணிகர்கள் சைத்தூன் என்று அழைத்தார்கள், அதிலிருந்துதான் சாட்டின் என்ற சொல் வந்திருக்க வேண்டும் என்கின்றன அகராதிகள். அதே சுவான்ஜோவில் 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வியாபாரத்துக்குப் போன நம் ஆட்கள் அங்கே சிவனுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். இதற்கும் வார்னிஷுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். சாட்டினுக்கு இரண்டு வழி. ஒன்று, டப்பாவிலேயே "சாட்டின்" என்று போட்டு விற்பதை வாங்கி அடிப்பது. இன்னொன்று, பளபள வார்னிஷை அடித்து நன்றாகக் காயவிட்டுப் பிறகு தேய்த்து இறக்குவது. உட்காரும் பலகை, மேசை மேற்பரப்பு மாதிரி தட்டையான இடங்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கடைசல் கால், செதுக்கு வேலை உள்ள இடங்களில் தேய்க்க முடியாது, அங்கே டப்பா சாட்டின்.

டப்பா சாட்டினில் என்ன இருக்கிறது? அதே வார்னிஷ்தான், கூடவே சில மைக்ரான் அளவுள்ள சிலிக்காத் தூள். தின்னர் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது இந்தத் துகள்கள் மேலே முட்டிக்கொண்டு நிற்கும், பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாகிவிடும். ஆனால் சிலிக்கா கனமானது. டப்பா அலமாரியில் நிற்கிற நாளெல்லாம் அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டே இருக்கும். எங்கள் பெஞ்சின் கால்களுக்கு நான் இதை வாங்கினேன், குச்சியால் மேலோட்டமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு அடித்தேன். முன்னங்கால் இரண்டும் கண்ணாடி. டப்பாவின் அடிப்பகுதியைத் தொட்டு அடித்த பின்னங்கால் இரண்டும் சுண்ணாம்பு பூத்த மாதிரி. தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்க வேண்டும், அடிக்கிற நடுவிலும் கலக்க வேண்டும். டப்பாவை மூடிக் குலுக்கக் கூடாது, குமிழி வந்துவிடும். கீழ்க் கோட்களைப் பளபள வார்னிஷிலேயே அடித்து, கடைசிக் கோட் மட்டும் சாட்டின் அடிப்பது நல்லது. மூன்று கோட்டும் சாட்டினாக இருந்தால் மரத்தின் ரேகை ஒரு புகைக்குப் பின்னால் இருப்பதுபோலத் தெரியும். காயத் தொடங்கிய இடத்தில் மறுபடி பிரஷ் வைக்காதீர்கள், தேங்கி நிற்கவும் விடாதீர்கள். தேங்கிய இடம் தனியாக மின்னும்.

தேய்க்கிற முறையில் எல்லாமே காய்வதில் இருக்கிறது. அண்ணன் வந்து பலகையைப் பார்த்ததும் உப்புத்தாளைக் கேட்கவில்லை. நகத்தை வைத்து ஓரத்தில் அழுத்தினார். தடம் விழுந்தது. குனிந்து மோந்து பார்த்தார். "இன்னும் வாசனை வருது தம்பி. போய்ப் படி. மூணு வாரம் கழிச்சுக் கூப்பிடு."

சாதாரண வார்னிஷ் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். அது தின்னர் போன அடையாளம் மட்டுமே. அதற்குப் பிறகுதான் படலம் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, உள்ளே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து கெட்டியாகும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தேக்கில் இன்னும் தாமதம். தேக்கின் இயற்கையான எண்ணெய்ச் சத்து இந்த வினையையே தடுக்கும். அதனால் தேக்குக்கு வார்னிஷ் அடிக்கும் முன் தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, அது காய்ந்த கையோடு முதல் கோட்டை அடித்துவிட வேண்டும். நான் துடைக்கவில்லை. ஆறு வாரத்தில் மூன்று வாரம் இப்படிக் காத்திருப்பதிலேயே போனது. இரண்டு டப்பாக்களைக் கலக்கி அடிக்கும் பி.யு. வகை என்றால் இவ்வளவு நாள் வேண்டாம், ஒரு வாரம் போதும். ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. அதை ஹாஸ்டல் அறையில் ஸ்பிரே அடிக்கிற ஐடியா இருந்தால் விட்டுவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள இன்னொரு சோதனை: கண்ணில் படாத ஒரு மூலையில் 400 நம்பர் தாளால் நாலு இழுப்பு இழுங்கள். வெள்ளைப் பவுடராக உதிர்ந்தால் சரி. தாளில் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் பச்சை.

அண்ணன் திரும்பி வந்த அன்று கொண்டுவந்தது: வாட்டர் பேப்பர் 400, 600, 800, நாலு சைபர் (0000) ஸ்டீல் உல், மெழுகு, ஒரு பழைய ஹவாய் செருப்பு. செருப்பிலிருந்து உள்ளங்கை அளவு ரப்பரை வெட்டி அதில் தாளைச் சுற்றினார். விரலால் நேரடியாகத் தேய்த்தால் விரல் படும் இடமெல்லாம் குழி விழும். தட்டையான கட்டை இருந்தால்தான் மேடுகள் மட்டும் அறுபடும். சோப்புத் தண்ணீரில் நனைத்து, 400-ஐ மர ரேகை வாக்கிலேயே இழுத்தோம். அவ்வப்போது துடைத்துப் பார்த்தால் மங்கலான பரப்பில் அங்கங்கே மின்னும் புள்ளிகள் தெரியும். அவை பள்ளங்கள். பரப்பு முழுவதும் ஒரே மங்கலாகும் வரை தேய்க்க வேண்டும். அதற்கு மேல் ஒரு இழுப்புகூட வேண்டாம். பிரஷ்ஷால் அடித்த ஒரு கோட் காய்ந்தால் சுமார் 25 மைக்ரான்தான் மிஞ்சும். மூன்று கோட் என்றால் நம் தலைமுடியின் கனத்துக்குப் பக்கம். ஓரங்களில் படலம் இன்னும் மெல்லிசு, அங்கே தாளைப் படவே விடாதீர்கள். நான் இடது ஓரத்தில் ஒரு அங்குலம் மரம் வரை போய்விட்டேன், அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டார்.

பிறகு 600, பிறகு 800. ஒவ்வொன்றும் முந்தையதன் கீறலை அழிப்பதற்காக மட்டும். 400-இன் துகள் சராசரியாக 35 மைக்ரான், 600-இல் 26, 800-இல் 22. மாற்றும்போதெல்லாம் பலகையையும் கட்டையையும் கழுவித் துடையுங்கள். 800-ல் தேய்க்கும்போது 400-இன் ஒரே ஒரு துகள் நடுவில் மாட்டினால் போதும், நீளமாக ஒரு கோடு விழும், திரும்ப 600-க்குப் போக வேண்டும்.

சாட்டின் பிறப்பது ஸ்டீல் உல்லில். பலகை முழுதும் உலர்ந்த பிறகு, ஸ்டீல் உல்லை மெழுகில் தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பு. நம் கை இயல்பாக வளைவாகப் போகும், முனைக்கு வந்ததும் திரும்பும். அந்த வளைவு அப்படியே பலகையில் பதிந்துவிடும், வெளிச்சத்தில் அரைவட்டமாகத் தெரியும். அதனால் முதலில் இரண்டு முனைகளிலும் குட்டையாக நேராக இழுத்து முடித்துவிட்டு, அப்புறம் நீள இழுப்பு. ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் மேல் பாதி ஏறி வர வேண்டும். எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இடத்துக்கு எட்டு என்றால் எல்லா இடத்துக்கும் எட்டு. மெழுகு சும்மா மினுக்குக்காக அல்ல, ஸ்டீல் உல் ஆழமாகக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். கடைசியில் பழைய வேட்டித் துணியால் துடைத்து எடுத்தால் முடிந்தது.

பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளோ பச்சை ஸ்கிரப்பரோ இதற்கு உதவாது, அவற்றின் கீறல் கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் கரையும் வகை வார்னிஷ் என்றால் கோட்டுக்குக் கோட் நடுவில் ஸ்டீல் உல்லைத் தொடவே தொடாதீர்கள். உடைந்த இழை உள்ளே மாட்டித் துருப்பிடித்துக் கரும்புள்ளி வைக்கும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: எண்ணெய் சேர்ந்த வார்னிஷ், பாலிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது வெப்பம் விடும், சுருட்டி வைத்த துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

மழைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருந்தால் புண்ணியம். முக்கியமாக என்.சி. லாக்கர் வகைகள்: தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கும், ஈரக்காற்றிலிருந்து தண்ணீர் அதில் படிந்து பால் கொட்டின மாதிரி வெளுத்துவிடும். காஞ்சிபுரத்தில் மரம், தண்ணீர் என்று பேச்சு எடுத்தால் உடனே யாராவது, "அத்தி வரதர் நாப்பது வருஷம் தண்ணிக்குள்ளேயே இருக்காரே, அத்தி மரம்தானே?" என்பார்கள். 1979-க்குப் பிறகு 2019-ல் அவர் எழுந்தருளியபோது கூட்டத்தில் நின்றே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். முழுக்கத் தண்ணீருக்குள், காற்று எட்டாத இடத்தில் இருந்தால் மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. ஆபத்து நம் திண்ணைப் பலகைக்குத்தான்: சாரலில் நனையும், காயும், மறுபடி நனையும். மேலே மட்டும் வார்னிஷ் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை வெறுமனே விட்டால், ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கிப் பலகை வளைந்துகொள்ளும். யாரும் பார்க்காவிட்டாலும் ஆறு பக்கமும் அடிக்க வேண்டும். அடிப்பக்கத்துக்குத் தேய்ப்பு வேலை தேவையில்லை.

வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க கிளாஸ் மீட்டர் தேவையில்லை. ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பலகையின் மேல் செங்குத்தாக நிறுத்தி, பிம்பத்தில் எத்தனை சென்டிமீட்டர் வரை எண் படிக்க முடிகிறது என்று பாருங்கள். மூன்று கோட் அடித்த அன்று 15 வரை முழுசாகப் படித்தேன். தேய்த்து முடித்த பிறகு 3-க்கு மேல் எண்கள் கரைந்துவிட்டன. பலகையின் நாலு மூலையிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட நாலு மூலையிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என் இடது ஓரம் மட்டும் ஒத்துவரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

எண்பது நிறைந்த அன்று காலை தாத்தா குளித்து வந்து திண்ணையில் நின்றார். முதலில் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார், கூசவில்லை போல. குனிந்து, நெய்த சேலையில் முடிச்சு தேடுகிற மாதிரி உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினார். இடது ஓரத்தில் கை நின்றது. "இங்க கொஞ்சம் விட்டுட்ட" என்றார். உட்கார்ந்தார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. சாட்டின் பரப்பில் ஒரே இடத்தில் தினமும் உரசல் பட்டால் கீறல்களின் முனை மழுங்கி அந்த இடம் மெல்ல மெல்ல மினுங்க ஆரம்பிக்கும். இது எல்லா சாட்டினுக்கும் மேட்டுக்கும் உள்ள குணம், வார்னிஷ் மேல் குறை சொல்ல வேண்டாம். திரும்ப ஒரே மாதிரி ஆக்க, வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை சமயத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு சைபரும் மெழுகும் எடுத்து அதே நேர் இழுப்பு நாலு போட்டால் போதும். எங்கள் பலகையில் நடுவில், கொஞ்சம் வலப்பக்கமாக, அவர் உட்காரும் இடம் இப்போதே தனியாகத் தெரிகிறது. போன வாரம் அண்ணன் பார்த்துவிட்டு ஸ்டீல் உல் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.